டேஷ்போர்டு பேனலை உடையாமல் கழற்றியது: மூன்று வாரக் குறிப்பு

எங்களிடம் இருப்பது மோட்டார்ஹோம், அதாவது வீடு போல வசதி செய்த வண்டி, இல்லை. 2013இல் பதிவான ஒரு டொயோட்டா எம்பிவிதான், மூன்று வரிசை இருக்கை உள்ள குடும்ப வண்டி. பின்னிருக்கைகளை மடக்கி மெத்தையை விரித்தால் மூன்று பேர் படுக்கலாம். பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவில் மெர்சிங், கேமரன் மலை என்று கிளம்பிவிடுவோம். பத்தாண்டு சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) முடிந்தபோது ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தோம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, அதனால் 2028இல் வண்டி போய்விடும். அதுவரை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

போன பயணத்தில் இரண்டு தொல்லைகள். சிறிய குளிர்பெட்டியைச் செருகும் 12 வோல்ட் சாக்கெட் செத்துவிட்டது. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அதோடு மேடுபள்ளமான சாலையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கிரீச் சத்தம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: ரேடியோ, ஏர்கான் பொத்தான்கள், கியர் கம்பு எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் நடு பேனலைக் கழற்ற வேண்டும். பட்டறையில் கேட்டபோது, “பழைய பிளாஸ்டிக், உடைந்தால் எங்கள் பொறுப்பு இல்லை” என்றார்கள். உடைந்தால் ஜோகூரில் ஹாஃப்கட் கடைகளில், அதாவது பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடைகளில், தேடலாம், ஆனால் இதே நிறத்தில் கீறல் இல்லாமல் கிடைப்பது கஷ்டம். சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன்.

முதல் சனிக்கிழமை தோல்வி. தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியில் துணியைச் சுற்றி, பேனலின் கீழ் மூலையில் நுழைத்து நெம்பினேன். மேல்பக்கம் அசைந்தது, கீழ்ப்பக்கம் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பேனலின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. துணி சுற்றினாலும் இரும்பு இரும்புதான்; பிளாஸ்டிக்கின் ஓரம் தாங்காது. அன்றைக்கு அதோடு நிறுத்தினேன்.

அந்த வாரம் முழுக்க இந்தப் பேனல்கள் எப்படி நிற்கின்றன என்று படித்தேன். பின்பக்கத்தில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த முளைகள் இருக்கும். ஒவ்வொரு முளைமேலும் வில் போல மடிந்த ஒரு உலோகக் கிளிப். அது டேஷ்போர்டில் உள்ள துளைக்குள் போய், இரு பக்கமும் விரிந்து பிடித்துக்கொள்ளும். நேராக நம் பக்கம் இழுத்தால் வில் சுருங்கி வெளியே வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினாலோ முறுக்கினாலோ வில் சுருங்காது. அந்த விசை முழுவதும் முளையின் அடியில் போய் விழும். முளைகள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். பலம் அதிகமானதால் உடைவதைவிட, திசை தப்பியதால் உடைவதுதான் அதிகம் என்று இப்போது நம்புகிறேன்.

இரண்டாவது வாரம் செம்பவாங்கில் அக்கா வீட்டுக்கு வண்டியைக் கொண்டு போனேன். தரைவீடு, வாசலில் நல்ல இடம், நிழலும் உண்டு வெயிலும் உண்டு. அத்தான் கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நைலான் நெம்புகோல் செட்டைப் பிரிக்கும்போதே, “தம்பி, அதை வை. முதல்ல எங்கெங்க பிடிச்சிருக்குன்னு பார்ப்போம்” என்றார்.

காலாவதியான ஒரு ஈஸிலிங்க் பயண அட்டையை எடுத்து, பேனலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மெதுவாக ஓட்டினார். அட்டை தட்டி நின்ற இடத்திலெல்லாம் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டினோம். மேலே மூன்று, பக்கத்துக்கு இரண்டு என்று ஏழு கிளிப்புகள். கீழே இரண்டு இடத்தில் அட்டை தட்டியது, ஆனால் அது கிளிப் மாதிரி இல்லை, அகலமாக இருந்தது. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சில்லறை வைக்கும் குழியின் ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் இரண்டு ஸ்க்ரூ! போன வாரம் கீழ்ப்பக்கம் அசையாததற்குக் காரணம் அதுதான். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் அந்த ஸ்க்ரூவைச் சுற்றித்தான் விரிசல் விட்டிருக்கும்.

இனி எந்த வண்டியில் கைவைத்தாலும் முதலில் விரிப்புகள், சின்ன மூடிகள், சாம்பல் தட்டு, பொத்தான் போல் தெரியும் வெற்று மூடிகள் எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்பேன். உண்மையான மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஃபியட் டுகாட்டோ போன்ற வேனின் மேல் கட்டியவற்றிலும் ஸ்க்ரூ, கிளிப் இரண்டும் கலந்தே இருக்கும்.

அடுத்தது சூடு. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் பேனலை ஹேர்டிரையரால் சூடாக்கச் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது: டேஷ்போர்டில் அதிகம் பயன்படும் பாலிபுரொப்பிலீன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது வளையாமல் பட்டென்று உடையும். நமக்கு அந்தக் கவலை இல்லை. வண்டியை அரைமணி நேரம் வெயிலில் விட்டாலே போதும். நாங்கள் ஒரு மணி நேரம் விட்டதில் கையை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் மேல்பரப்பு மென்மையாகி நகம் பட்டாலும் கோடு விழும் போலிருந்தது. அதனால் வண்டியை நிழலுக்குத் தள்ளி, அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, இளஞ்சூடாக ஆனபிறகு தொட்டோம். ஏர்கான் மட்டும் போடக்கூடாது. அது நேராக இந்தப் பேனலைத்தான் குளிர வைக்கும்.

பேட்டரியைக் கழற்றும் முன் ஒன்றை மறக்கக்கூடாது. பேனல் வெளியே வர கியர் கம்பு கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆட்டோ கியர் வண்டியில் மின்சாரம் இல்லாமல் பார்க்கிங் நிலையிலிருந்து கம்பு நகராது. ஆகவே சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரைக் கீழே இறக்கினேன். அப்புறம் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினேன். டொயோட்டா 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது, ஏர்பேக்கில் தேங்கிய மின்சாரம் வடிவதற்காக. நாங்கள் பத்து நிமிடம் விட்டோம். ஏர்பேக்கைச் சேர்ந்த மஞ்சள் நிற இணைப்பு எதைக் கண்டாலும் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். சாலைக் கட்டணம் கழிக்கும் இஆர்பி கருவியின் ஒயரையும் அப்படியே விட்டோம். அது அனுமதி பெற்ற பட்டறை செய்ய வேண்டிய வேலை.

இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்தோம். நைலான் நெம்புகோலை முதல் டேப் துண்டுக்குப் பக்கத்தில் நுழைத்து, விரல் போகும் அளவுக்கு மட்டும் இடைவெளி உண்டாக்கினேன். அதற்குமேல் கைதான். கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் பிடித்து நேராக என் பக்கம் இழுத்தேன். டக். அடுத்தது, டக். ஆறு கிளிப்புகள் இப்படி வந்தன. ஏழாவது, வலது மேல் மூலையில் இருந்தது, வரும்போது சத்தம் வேறு மாதிரி கேட்டது. முளையின் அடியில் முடி அளவு விரிசல்.

பேனல் உடனே கைக்கு வந்துவிடாது. பின்னால் ஒயர்கள் இழுக்கும். அத்தான் பேனலைத் தாங்கிக்கொள்ள, நான் முதலில் படம் எடுத்தேன், பிறகு ஒவ்வொரு இணைப்பின் நாக்கையும் அழுத்திக் கழற்றினேன். ஹசார்ட் (எச்சரிக்கை விளக்கு) பொத்தானின் இணைப்பு மட்டும் வரவே இல்லை. ஒயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பை முதலில் உள்ளே தள்ளி, நாக்கை அழுத்தி, பிறகு இழுத்ததும் வந்தது. இரண்டு உலோகக் கிளிப்புகள் டேஷ்போர்டின் துளையிலேயே தங்கிவிட்டன. நீண்ட மூக்குக் குறடால் அவற்றை எடுத்து முளையில் திரும்ப மாட்டினேன். இதைச் செய்யாமல் பேனலை அழுத்தினால் முளை கிளிப்புக்குள் சரியாக உட்காராது.

சாக்கெட்டின் கோளாறு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பின்னால் செருகும் இணைப்பு பாதி வெளியே வந்து, ஒரு முனை கருகியிருந்தது. முனையைச் சுத்தம் செய்து இறுக்கி மாட்டினேன். கிரீச் சத்தத்துக்கு, பேனலும் ரேடியோ சட்டமும் உரசிப் பளபளத்திருந்த இடங்களில் ஃபெல்ட் டேப் ஒட்டினேன்.

விரிசல் விட்ட முளைக்கு ஒரு வாரம் ஆனது. பேனலின் பின்பக்கம் பிளாஸ்டிக் வகையை அச்சிட்டிருப்பார்கள். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன், என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. என்னுடையதில் ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக் என்று இருந்தது பெரிய நிம்மதி, ஏனென்றால் ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். லெகோ கட்டைகளும் ஏபிஎஸ்தான். மகனிடம் கேட்டு உடைந்த கறுப்புக் கட்டை ஒன்றை வாங்கி, துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் அசிட்டோன் விட்டு மறுநாள் வரை ஊறவைத்தேன். தேன் பதத்துக்கு வந்தது. சன்னலைத் திறந்து வைத்து, பல்குச்சியால் விரிசலுக்குள்ளும் முளையின் அடியைச் சுற்றியும் தடவினேன். பேனலின் முன்பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் பளபளப்பு போய்விடும், அதனால் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுத்தான் செய்தேன். இரண்டு நாள் காய்ந்த பிறகு விரலால் அசைத்தேன், கல் மாதிரி நின்றது.

மூன்றாவது ஞாயிறு திரும்ப மாட்டினோம். முதலில் எல்லா இணைப்புகளையும் செருகி, பேட்டரியைப் போட்டு, ஹசார்ட், ஏர்கான், சாக்கெட் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே கிளிப்புகளை அழுத்தினேன். ஒவ்வொரு கிளிப்பின் மேலும் உள்ளங்கையை வைத்து, ஒட்டவைத்த மூலையைக் கடைசியில். அத்தான் அட்டையை எடுத்து இடைவெளியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, “எல்லாம் சமமா இருக்கு” என்றார்.

கீழ் மூலையில் முதல் வாரம் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. குளிர்பெட்டி இரண்டு மணி நேரம் ஓடியது, சாக்கெட் சூடாகவில்லை. கிரீச் சத்தம் போனதா என்பது மெர்சிங் சாலையில்தான் தெரியும். டிசம்பரில் போகிறோம்.