ஊறுகாய் பாட்டிலில் ஒரு குளம்

பால்காரம்மாவிடம் ஒரு பிடி வைக்கோல் கேட்டேன். "மாடு வாங்கிட்டீங்களா டீச்சர்?" என்றார். இல்லை, ஊறுகாய் பாட்டிலில் போட.

வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, குளத்துத் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி, வாயில் துணி கட்டி ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் ஆடை படிந்தது. பாக்டீரியா. ஐந்தாம் நாள் அடித்த நாற்றத்தில் வீட்டுக்காரர் பாட்டிலை மொட்டைமாடிக்கு நாடு கடத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள், ஆடைக்குக் கீழிருந்து ஒரு சொட்டு எடுத்து, ஓட்டத்தைத் தடுக்க நாலு பஞ்சு இழை போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பாரமீசியம் என்ற குளத்து நுண்ணுயிரி! முப்பது வருஷம் கரும்பலகையில் செருப்பு மாதிரி வரைந்தேனே, அதுவேதான். பள்ளியில் காட்டியதெல்லாம் சாயம் ஏற்றிய செத்த ஸ்லைடு. இதுவோ உடம்பைத் திருகிக்கொண்டே ஓடுகிறது, பஞ்சில் முட்டுகிறது, சற்றுப் பின்வாங்கி வேறு பக்கம் போகிறது.

ஒன்று இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதன் சுருங்கும் நுண்குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நட்சத்திரக் கதிர் போன்ற கால்வாய்கள் முதலில் புடைக்கும், நடுவில் குமிழ் உருண்டு வரும், பொசுக்கென்று மறையும். அது மறையும் நேரம் மற்றது நிரம்பிக்கொண்டிருக்கும். குளத்துத் தண்ணீர் சவ்வு வழியே உள்ளே கசிந்தபடியே இருப்பதால், குமிழ் அதை வெளியே இறைக்காவிட்டால் பாரமீசியம் வெடித்துவிடும். கண்ணாடி ஓரத்தில் லேசான உப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டேன். கசிவு குறைந்தது போல, குமிழ் நிதானமாகிவிட்டது.

"ஒரே செல்தானே அப்பாயி?" என்றாள் பேத்தி. ஒரே செல்தான். அதற்குள்ளேயே வாய், நீர் இறைக்கும் பம்பு, கழிவு தள்ள வாசல், சிறிதும் பெரிதுமாய் இரண்டு உட்கரு, வெளியே நீந்த உதவும் மயிரிழை போன்ற குற்றிழைகள் ஆயிரக்கணக்கில். நம் கல்லீரல் செல் ஒன்றைத் தனியாகக் குளத்தில் விட்டால் பிழைக்குமா?

இதைப் போய் 'எளிய உயிரி' என்று நடத்தியிருக்கிறேன். இன்னொரு கூச்சமும் உண்டு. அமீபா, யூக்ளினா, பாரமீசியம், பிளாஸ்மோடியம் எல்லாவற்றையும் புரோட்டோசோவா என்ற ஒரே ஒருசெல் உயிரித் தொகுதியில் அடைத்திருந்தோம். மரபணுக்களைப் பார்த்தபின் அந்தக் கூட்டுக்குடும்பம் உடைந்துவிட்டது. மலேரியா தரும் பிளாஸ்மோடியம் பாரமீசியத்துக்குப் பங்காளி. பச்சை யூக்ளினாவுக்கு, ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா உறவு. அமீபாவுக்கோ பாரமீசியத்தைவிட நாம்தான் கிட்டத்துச் சொந்தம்! வீட்டுக்காரர் இதை ரசிக்கவில்லை.

மறுநாள் பால் வாங்கும்போது பால்காரம்மாவிடம் சொன்னேன்: உங்கள் மாட்டின் முதல் இரைப்பையிலும் குற்றிழை உள்ள ஒருசெல் உயிரிகள் இருக்கின்றன, ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கில், வைக்கோலைச் செரிக்க அவையும் கூட உழைக்கின்றன என்று. அவர் மாட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அதுங்களுக்கும் சேர்த்துத்தான் தீனி வாங்கிப் போட்டுட்டிருக்கேனா நான்?"