288 வாட் ஹவரும் ஒரு ஜாய்ஸ்டிக்கும்

டிக்கெட் எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. என் பவர் வீல்சேரை ஏற்றிக்கொள்கிறோம் என்று விமான நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்க 11 நாள் ஆனது.

தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. முதல் தடவை விமானத்தில் போனபோது, டிக்கெட் பதிவில் 'வீல்சேர் தேவை' என்றிருந்த கட்டத்தை டிக் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். விமான வாசலில் நின்ற ஊழியர், "இங்கேயிருந்து சீட்டுக்கு நடந்து போயிடுவீங்கல்ல மேடம்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையிலிருந்த பட்டியலில் என் பெயருக்கு நேரே டபிள்யூ.சி.எச்.ஆர் என்று போட்டிருந்தது.

இந்தக் குறியீட்டில் கடைசி எழுத்துதான் விஷயமே. 'ஆர்' என்றால் நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், சீட்டுக்குத் தானே போய்விடுவார். 'எஸ்' என்றால் படி ஏற முடியாது, உள்ளே கொஞ்சம் நடப்பார். 'சி' என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நான் 'சி'. இந்தத் தடவை போன் செய்து, எழுத்தைச் சொல்லியே கேட்டேன். "ஒரு நிமிஷம்" என்று வேறு ஒருவருக்கு லைனை மாற்றிவிட்டார்கள். சிறப்பு உதவிப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. நேராக அவர்களையே பிடித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் பேட்டரி. என்னுடையது மடக்கும் நாற்காலி, கழற்றி எடுக்கிற மாதிரி ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. "160 வாட் ஹவருக்கு மேல் அனுமதி இல்லை" என்று பதில் மெயில் வந்தது. வாட் ஹவர் என்பது பேட்டரியில் எவ்வளவு மின்னாற்றல் அடங்கும் என்ற அளவு. என் பேட்டரியின் மேல் வாட் ஹவர் என்று எதுவும் அச்சடித்திருக்கவில்லை. 24 வோல்ட், 12 ஆம்பியர் ஹவர் என்றுதான் இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 288. அவர்கள் கணக்குப்படி நான் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த 160 வேறு பொருளுக்கான வரம்பு. பெரிய கேமரா மாதிரியான மின்னணுச் சாமான்களின் பேட்டரிக்கு உரியது. நடமாட உதவும் நாற்காலிக்கு வேறு வரி இருக்கிறது: கழற்றக்கூடிய பேட்டரி ஒன்றே ஒன்று என்றால் 300 வாட் ஹவர் வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. கழற்றிய பேட்டரி சரக்கறைக்குப் போகக் கூடாது, பயணியோடு கேபினுக்குள் வர வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடி, தனித்தனிப் பையில் வைத்திருக்க வேண்டும். விமானிக்கும் தகவல் போக வேண்டும். இதெல்லாம் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ வெளியிடும் அபாயப் பொருள் விதிகளில் 2.3.ஏ என்ற அட்டவணையில் இருக்கிறது. நான் சண்டை போடவில்லை. "அட்டவணை 2.3.ஏ-வில் வீல்சேருக்கான வரியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. கூடவே பேட்டரி லேபிளின் படம், நாற்காலியின் நீள அகல உயரம், எடை, பேட்டரி யூ.என் 38.3 என்ற லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று தயாரிப்பாளர் கொடுத்த கடிதம். இரண்டாம் நாள் அனுமதி வந்தது. அந்த மெயிலை நான்கு பிரதி எடுத்துக்கொண்டேன். செக்-இன் கவுன்ட்டரில் மூன்று பிரதி போய்விட்டது, ஒவ்வொரு மேலதிகாரிக்கும் ஒன்றாக.

(ஜெல் பேட்டரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதற்குக் குறியீடும் வேறு. நாற்காலியோடு சேர்த்தே அனுப்பிவிடலாம்.)

விமான வாசலில் நாற்காலியை ஒப்படைக்கும் முன் என் தங்கை ஒன்பது போட்டோ எடுத்தாள். முன்னால், பின்னால், இரண்டு பக்கம், நாற்காலியை ஓட்டும் ஜாய்ஸ்டிக் தனியாக, கடைசியாக என் போர்டிங் பாஸைச் சீட்டின் மேல் வைத்து ஒன்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாற்காலியின் முதுகில் ஒரு தாளை ஒட்டியிருந்தோம்: எந்த லீவரைத் தள்ளினால் மோட்டார் விடுபட்டுக் கையால் தள்ளலாம், எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது. படம் வரைந்துதான். சரக்கு ஏற்றுகிறவருக்கு அவசரத்தில் பத்தி பத்தியாகப் படிக்க நேரம் ஏது?

அங்கிருந்து ஐல் சேர். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு சீட் வரிசைக்கு நடுவில் நுழைகிற அகலத்தில் ஒரு பலகை, கீழே சின்னச் சக்கரங்கள், மேலே நாலு பெல்ட். மார்பில், இடுப்பில், முட்டியில், கணுக்காலில் என்று கட்டிவிடுவார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் குறுக்கே கட்டிக்கொண்டு பின்பக்கமாக இழுபட்டுப் போவேன். இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவர் என் முழங்காலுக்குக் கீழே கைகொடுத்தார், இன்னொருவர் பின்னாலிருந்து அக்குளுக்கடியில் கைவிட்டார். அதற்கு முன், "மூணு எண்ணும்போது, என் கணக்குக்குத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் ஒருவர் இரண்டிலேயே தூக்கிவிடுவார். சீட்டின் கைப்பிடி மேலே மடங்குமா என்பதையும் சீட் எடுக்கும்போதே கேட்டு வைத்திருந்தேன். மடங்காத கைப்பிடிக்கு மேலாக இடுப்பைத் தூக்கிப் போடுவது தூக்குகிறவருக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. தோலில் உரசினாலும் எனக்கு உணர்வு தெரியாது.

கழிப்பறை பற்றி எல்லோரும் மெல்லிய குரலில்தான் பேசுவார்கள். நான் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். தப்பு என்று தெரியும், மருத்துவர் திட்டுவார் என்றும் தெரியும். இரட்டை நடைபாதை உள்ள பெரிய விமானத்தில் வீல்சேர் நுழைகிற கழிப்பறை இருக்க வாய்ப்புண்டு. ஒற்றை நடைபாதை விமானத்தில் என்னால் உள்ளே திரும்பக்கூட முடியாது. ஒற்றை நடைபாதை விமானங்களிலும் பெரிய கழிப்பறை வேண்டும் என்று அமெரிக்கா 2023ல் விதி போட்டது. ஆனால் அது பல வருடம் கழித்து ஆர்டர் செய்யப்படும் புது விமானங்களுக்கு. அதுவரை நான் தாகத்தோடு பறக்க வேண்டும்.

இடையில் ஓர் ஐரோப்பிய நகரத்தில் விமானம் மாறினோம். அங்கே உதவி ஆள் வரவில்லை. விமான நிறுவனத்தின் மேசையில் கேட்டால், "அது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஒழுங்குமுறைப்படி நிலையத்துக்குள் உதவி செய்யும் பொறுப்பு விமான நிலைய நிர்வாகத்துடையது. 48 மணி நேரம் முன்பே சொல்லியிருந்தால் அவர்கள் தட்ட முடியாது. அமெரிக்காவில் அதே பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில். 1986ல் வந்த சட்டம், அதன் கீழ் வந்த விதிகள். தகராறு வந்தால் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவரை நேரிலோ போனிலோ கிடைக்கச் செய்யவும் வேண்டும். யாரிடம் கோபப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு 50 நிமிடம் போனது. அடுத்த விமானத்தைப் பிடித்தோம், கடைசி ஆளாக.

இறங்கியதும் நாற்காலி வாசலுக்கு வந்தது. தங்கைதான் முதலில் பார்த்தாள். "அக்கா, இது இப்படியா இருந்துச்சு?"

ஜாய்ஸ்டிக் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பேட்டரியைப் பொருத்தி ஆன் செய்தால், கையை எடுத்த பிறகும் நாற்காலி இடது பக்கமே நகர்ந்தது. குஷனைக் காணோம். படம் வரைந்த தாள் மட்டும் கசங்காமல் அப்படியே இருந்தது.

"வீட்டுக்குப் போய் மெயில் போடுங்க" என்றார் அங்கிருந்த ஊழியர். நான் நகரவில்லை. சேதப் புகாரை அங்கேயே பதிவு செய்து, எண் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அன்று இரவே ஒன்பது படங்களோடு புதிதாக எடுத்த ஒன்பதையும் சேர்த்து எழுத்தில் அனுப்பினேன். 1999ன் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எட்டாம் நாள் எழுதினால் உரிமை போச்சு.

அதே உடன்படிக்கையில் எனக்கு ஆத்திரம் வருகிற இடமும் உண்டு. அதன் கண்ணில் என் நாற்காலி ஒரு சூட்கேஸ். செக்-இன் செய்த சாமானுக்கு ஒரு பயணிக்கு உச்ச வரம்பு, 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர்; எஸ்.டி.ஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. என் நாற்காலியின் விலை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நல்ல வேளை, ஜாய்ஸ்டிக் மட்டும் மாற்றினால் போதும் என்று பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுத்தார், வரம்புக்குள் அடங்கியது. மோட்டார் போயிருந்தால் மிச்சம் என் தலையில்.

இந்த வரம்பை உயர்த்த ஒரு வழி அந்த உடன்படிக்கையிலேயே, 22ஆம் பிரிவில் இருக்கிறது. சாமானை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பு இவ்வளவு என்று சிறப்பு அறிவிப்பு கொடுக்கலாம், கூடுதல் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டும். திரும்பி வரும்போது கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. மேலதிகாரியை அழைத்தார், அவர் இன்னொருவருக்குப் போன் போட்டார், கடைசியில் எங்கிருந்தோ ஒரு படிவம் வந்தது. நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இந்த முறை ஜாய்ஸ்டிக்கையும் கழற்றி, பேட்டரியோடு மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் எதுவும் உடையவில்லை.

பழுதுச் செலவு 5 வாரம் கழித்துக் கணக்கில் வந்தது. குஷனுக்கு ரசீது கேட்டார்கள். அழுத்தப் புண் வராமலிருக்க அளவெடுத்துச் செய்த குஷன் அது, எப்போதோ வாங்கியது. ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.