மாருதி 800: துருப்பிடித்த அடித்தகடு மாற்றும் வேலை

இடப்பக்க முன்தரை முடிந்தது. வலப்பக்கம் பாக்கி.

கார்ப்பெட்டை உரித்ததும் ஓட்டையைத் தேடுவதைவிட, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தேடுவதே முதல் வேலை. இந்த வண்டியில் ஏசி தண்ணீரை வெளியே விடும் குழாய் அடைத்துக்கொண்டு, அத்தனையும் இடப்பக்கக் காலடியில் இறங்கியிருந்தது. முன்கண்ணாடி ரப்பர், கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் ஆகியவற்றையும் ஹோஸ் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். ஒழுகலை நிறுத்தாமல் தகடு மாற்றினால் புதுத் தகடும் அதே வழிதான் போகும்.

சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் தார் அட்டையை ஹீட் கன்னால் சூடாக்கி உரித்து எடுங்கள். அதன் ஓரங்களுக்கு அடியில்தான் துரு மோசமாக இருக்கும். பிறகு திருப்புளி முனையால் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் பொதுக்கென்று உள்வாங்கும். அந்த எல்லையிலிருந்து இன்னும் 25 மி.மீ. தள்ளியே வெட்ட வேண்டும். ஓட்டையின் விளிம்போடு நிறுத்தினால் மெலிந்த தகட்டில் வெல்டிங் பொத்துக்கொண்டே போகும். கரண்டைக் குறைத்தும் பயனில்லை.

புதுத் தகடு 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ. தடிமன்) சி.ஆர். ஷீட், அதாவது பூச்சில்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம்: துத்தநாகம் எரிந்து நச்சுப்புகை வரும், வெல்டிலும் குமிழி விழும். அட்டையில் அச்சு வெட்டி, பொருத்திப் பார்த்து, அதன்பின் தகட்டில் வரையுங்கள். பழைய தகட்டில் இருந்த மேடுபள்ளக் கோடுகளைப் புதியதிலும் தட்டி எடுக்க வேண்டும். வெறும் தட்டையாக வைத்தால் வண்டி ஓடும்போது தரை அதிரும்.

கேஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை நெளித்துவிடும். கம்பி தானாக ஊட்டப்படும் மின்வெல்டிங்கான மிக் (MIG) வெல்டிங்கே சரி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தரைக்கு அடியில் ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களை விலக்காமல் ஆரம்பிக்கவே கூடாது. தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 12 மி.மீ. மேற்படிவு விட்டு, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு முகங்களிலும் வெல்டிங்குக்கு உகந்த ஜிங்க் பிரைமர் அடித்தோம். வெல்டிங் கம்பி 0.8 மி.மீ. 25 மி.மீ.க்கு ஒரு வெல்டிங் புள்ளி, எதிரெதிர் பக்கம் மாறி மாறி. கைவைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே இடைவெளிகளை நிரப்ப வேண்டும்.

வெல்டை கிரைண்டரில் சமப்படுத்தி, இரு பக்கமும் எபாக்சி பிரைமர். அது காய்ந்தபின் மூட்டுகளில் மேலும் கீழும் தண்ணீர் புகாதபடி அடைக்கும் பசையான சீம் சீலர். அடிப்பூச்சு கடைசியில்தான். துருவின் மேலேயே கறுப்புப் பூச்சைக் கனமாக அப்பினால் ஈரம் உள்ளே சிக்கி, வெளியே தெரியாமல் தின்றுகொண்டிருக்கும்.

வலப்பக்கத்தில் சீட்டைத் தாங்கும் குறுக்குத் தகடும் அரித்திருக்கிறது. அதற்கு 18 கேஜ், 1.2 மி.மீ. போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தை வெட்டுமுன்னே அளந்து குறித்தாயிற்று. வெட்டியபின் அளக்க எதுவும் மிஞ்சாது.