வாடிக்கையாளர் சரி என்ற பிறகுதான் வேலையே ஆரம்பம்

இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். சின்னக் குழு. உள்ளூர் வேலையை மட்டும் நம்பியிருந்தோம்; இன்று வருமானத்தில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. ‘ஆர்டர் எப்படிப் பிடித்தீர்கள்?’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எப்படித் தாண்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய வேலையாகத் தெரிந்தது.

கண்ட நாட்டுக்கும் மின்னஞ்சல் அனுப்பாமல் ஜெர்மனியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். காரணம், எங்கள் தொழிலில் நாடு மாறினால் வரைபடமே மாறும். ஐரோப்பிய வரைபடத்தில் பொருளை மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே இருக்கும். அமெரிக்க வரைபடத்தில் மேலே இருக்கும். ஐரோப்பாவில் மில்லிமீட்டர், அமெரிக்காவில் பெரும்பாலும் அங்குலம். அமெரிக்கர்களின் வரைபட விதியான ஏஎஸ்எம்இ ஒய்14.5-ன்படி, அளவுக்குக் கொடுத்த வரம்புக்குள் வடிவமும் அடங்கியாக வேண்டும். ஐரோப்பியர்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 8015 விதியில் அப்படியில்லை. வேண்டுமென்றால் தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்களிடம் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்றில் கை பழகிய பிறகே அமெரிக்கப் பக்கம் போனோம்.

மாதிரிக்கு ஒரு சிறிய பாகத்தை வரைந்து காட்டினோம். அங்கிருந்த பொறியாளருக்குப் பிடித்துவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிறகு வந்தது அவர்களுடைய கணக்குப் பிரிவின் படிவம்: நிறுவனப் பதிவு, வரி எண், வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு, ரகசியக் காப்பு ஒப்பந்தம், கோப்புகள் எந்த சர்வரில் இருக்கும், யார் யார் திறப்பார்கள், வரைபடத்தில் தவறு வந்து பாகம் வீணானால் இழப்பீட்டுக்குக் காப்பீடு உண்டா? பொறியாளர் அவசரப்பட்டாலும் கணக்குப் பிரிவு அசையாது. இதையெல்லாம் ஒரே கோப்புறையில் போட்டு, கேட்டவுடன் அனுப்பும்படி வைத்துக்கொண்டோம். அடுத்த வாடிக்கையாளர்கள் சீக்கிரம் படிந்ததற்கு விலைக்குறைப்பைவிட இந்தக் கோப்புறைதான் காரணம் என்பேன்.

சரக்கு ஏற்றுமதியில் சுங்கத்துறை தாள் கொடுக்கும். சேவைக்குத் துறைமுகமே கிடையாது. ஒப்பந்தம், விலைப்பட்டியல், பணம் வந்ததற்கான வங்கிச் சான்று, இவைதான் முக்கிய அத்தாட்சி. அதனால் விலைப்பட்டியலில் கைவைத்துக் கொஞ்சம் மெனக்கெட்டோம். அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டர் எண் முதல் வரியில். எந்தக் கோப்பு, எந்தத் திருத்தம் என்பது அதன் கீழே. ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள நிறுவனத்துக்கு வெளியிலிருந்து இப்படிப்பட்ட சேவை செய்தால் மதிப்புக்கூட்டு வரியை வாங்குபவரே கணக்குக் காட்டுவார். நாம் வரி போடாமல், ‘ரிவர்ஸ் சார்ஜ்’ என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால் பட்டியல் திரும்பி வரலாம். அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென்-இ படிவம் கேட்டன; நாம் வெளிநாட்டு நிறுவனம் என்று அமெரிக்க வரிக்காக உறுதி சொல்லும் படிவம் அது. வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தால் அது அமெரிக்க வருமானமாகாது, அதனால் அங்கே வரிப்பிடித்தம் இல்லை. வேறு சில நாடுகளில் பிடிப்பார்கள்; இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் நம் வரித்துறையிடம் வசிப்பிடச் சான்று வாங்கிக் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். ஆர்டர் வருமுன்பே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பணம் வந்தபோது பட்டியல் தொகையைவிடக் குறைவாக இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. இடையிலிருக்கும் வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டது. அனுப்பும்போது ‘ஷா’ (SHA) என்று குறித்தால் கட்டணம் இரு தரப்புக்கும் பிரியும், ‘அவர்’ (ஆங்கிலத்தில் OUR) என்றால் அனுப்புபவரே முழுக்க ஏற்பார். இப்போது ஒப்பந்தத்திலேயே ‘OUR’ என்று எழுதிவிடுகிறோம். பெரிய வேலைகளில் மறுத்தவர்கள் மிகக் குறைவு.

தகராறு வந்தால் என்ன செய்வது? 1958-ன் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் வெளிநாட்டு நடுவர் தீர்ப்பும் செல்லும் என்பதால், தகராறை நடுவரிடம் விடும் ஷரத்தையும் ஒப்பந்தத்தில் சேர்க்கிறோம். ஆனால் சின்னத் தொகைக்கு யார் நடுவர் மன்றம் போவது? புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குகிறோம், வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறோம், முந்தைய கட்டத்தின் பணம் வராமல் அடுத்த கோப்பைத் திறப்பதில்லை.