படுகொலைக் கேள்வி வந்தால் 1951 கைகொடுக்கும்

கோலாலம்பூரில் வரலாறு படிக்கும் தம்பி தங்கைகள் சிலர், தலைவர்கள் படுகொலை பற்றிக் கட்டுரைக் கேள்வி வந்தால் எதை எழுதுவது என்று கேட்கிறார்கள். லிங்கன், காந்தி, கென்னடி பற்றி எழுத எல்லாருக்கும் வரும். திருத்துகிறவருக்கும் படித்துப் படித்து அலுத்திருக்கும். நான் அந்தத் தாளுக்குத் தயாரானபோது பெயர்களைத் தேடிக்கொண்டு போகவில்லை. 1951 என்ற ஒரே வருடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 7-ஆம் தேதி ஈரான் பிரதமர் ரஸ்மாரா தெஹ்ரான் மசூதி ஒன்றில் சுடப்பட்டார். ஜூலை 20-ஆம் தேதி ஜெருசலேமின் அல் அக்ஸாவில் ஜோர்டான் மன்னர் அப்துல்லா. அக்டோபர் 6-ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் பாதையில் மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி. சரியாகப் பத்து நாள் கழித்து, ராவல்பிண்டி பொதுக்கூட்டத்தில் பாகிஸ்தானின் முதல் பிரதமர் லியாகத் அலி கான். கர்னி காலனி ஆட்சியின் தலைமை அதிகாரிதான், தேசியத் தலைவர் அல்ல. அதைக் கட்டுரையில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்துகிறவர் சொல்வார்.

சுட்ட கதைக்கு இரண்டு வரி போதும். புள்ளி எல்லாம் மறுநாளில்தான் இருக்கிறது.

லியாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட சயீத் அக்பரைப் போலீஸ் அங்கேயே கொன்றுவிட்டது. பின்னால் இருந்தது யார் என்று கிளறினால் மூன்று பக்கம் ஓடும், ஒரு புள்ளியும் ஏறாது. அதற்குப் பதிலாக நாற்காலிகளைப் பாருங்கள். நான் ஒரு ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, மேலே கவர்னர் ஜெனரல், கீழே பிரதமர் என்று இரண்டு கோடு இழுத்தேன். கவர்னர் ஜெனரலாக இருந்த கவாஜா நஜிமுதீன் கீழ்க் கோட்டுக்கு இறங்கிப் பிரதமராகிறார். நிதியமைச்சர் குலாம் முகமது மேல் கோட்டுக்கு ஏறுகிறார். 1953 ஏப்ரலில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பதவியிலிருந்து தூக்குகிறார். 1954 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையையே கலைக்கிறார். அரசியலமைப்புச் சட்டம் 1956-இல்தான் வருகிறது, 1958-இல் ராணுவ ஆட்சி அதையும் ரத்து செய்கிறது. இரண்டு கோட்டில் ஏழு வருட வரலாறு அடங்கிவிட்டது. சோதனை அறையில் எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் நின்றது.

கர்னி விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் இறந்ததால்தான் காட்டோர மக்களை வேலிக்குள் குடியமர்த்திய புதுக் கிராமங்கள் வந்தன என்று மாமாக் கடையில் உட்கார்ந்து படிக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். அந்தக் கிராமங்களைக் கொண்டுவந்த பிரிக்ஸ் திட்டம் 1950-லேயே தொடங்கிவிட்டது. கர்னிக்குப் பிறகு மாறியது அதிகாரம். 1952 பிப்ரவரியில் வந்த ஜெனரல் டெம்ப்ளர் கையில் சிவில் நிர்வாகம், ராணுவ நடவடிக்கை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொன்று, பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு வரப்போவது கர்னி என்றே தெரியாது என்று மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். திட்டமிட்ட கொலைக்கும் தற்செயலாக மாட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பத்தியில் எழுதினால் கட்டுரைக்கே கனம் வந்துவிடும். கர்னியின் சமாதி கோலாலம்பூர் செராஸ் சாலை கிறிஸ்தவ மயானத்தில் இருக்கிறது. பினாங்கில் கர்னி டிரைவுக்குச் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியுமோ!

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் அந்தக் கால ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் கிடைக்கும். அந்த அக்டோபர் மாத இதழ்களைப் புரட்டுங்கள். கர்னி, லியாகத் இரண்டு செய்தியையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்க்கும்போது தேதி தானாக மனதில் உட்கார்ந்துவிடும். மனப்பாடமே தேவையில்லை.

ரஸ்மாரா எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்குவதை எதிர்த்தவர். அவர் போன அதே மாதத்தில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது, ஏப்ரல் கடைசியில் நாட்டுடைமை இயக்கத்தின் தலைவர் மொசாதெக் பிரதமரானார். ஆனால் மொசாதெக்கின் இயக்கம் கொலைக்கு முன்பே வளர்ந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொலையே காரணம் என்று முடித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜோர்டானில் அப்துல்லாவின் மகன் தலால் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் நிலைத்தார். தாத்தா சுடப்பட்டபோது பக்கத்தில் நின்ற பேரன் ஹுசைன் 1952-இல் மன்னராகி 1999 வரை ஆண்டார். ஆட்சிமுறை அப்படியே இருந்தது.

நம்மவர்கள் கூடுதலாக ஒன்றைச் சேர்க்க நினைத்தால் இலங்கையின் பண்டாரநாயக்காவை எடுப்பார்கள். தாராளமாக எடுக்கலாம். 1956-இன் தனிச் சிங்களச் சட்டம் என்றதும் நமக்குச் சூடேறும், பேனா அங்கேயே நின்றுவிடும். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவர் சோமராம என்ற பௌத்த பிக்கு, 1960 ஜூலையில் மனைவி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். இந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததை எழுதுங்கள்.

நேரம் இழுத்தால் முதலில் ஜோர்டானை விட்டுவிடுங்கள், அப்புறம் இலங்கையை. லியாகத்தை மட்டும் விடாதீர்கள்.