சுரங்கத்துக்கு மேல் பூங்கா: முதலில் எடையைப் பாருங்கள்

சென்னை பனகல் பார்க் மாதிரி இடங்களில் மெட்ரோ குழியை மூடியதும் மண்ணைக் கொட்டி மரம் நட்டுவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அடியில் இருப்பது கான்கிரீட் கூரை. நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு 2 டன் வரை கனக்கும். புல்லுக்கு ஓரடி மண் போதும். மரத்துக்கு ஒரு மீட்டராவது வேணும். அந்தச் சுமையைக் கூரை வடிவமைக்கும்போதே கணக்கில் சேர்க்கணும்.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் நெடுஞ்சாலைக்கு மேல் 2012-ல் திறந்த கிளைட் வாரன் பார்க்கில், உத்தரங்களுக்கு நடுவே பள்ளம் விட்டு அதில்தான் மரம் வைத்தார்கள். எடையைக் குறைக்க ஃபோம் கட்டிகளும் போட்டார்கள். அருமையான யோசனை!

நம்ம ஊரில் பெரிய தலைவலி தண்ணீர்தான். சரிவு கொடுத்த கூரைமேல் நீர்க்காப்பு, வேர்த்தடுப்பு ஷீட், வடிகால் அடுக்கு, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, கடைசியாக மண். துணி போடாமல் விட்டால் களிமண் இறங்கி வடிகாலை அடைக்கும். ஐப்பசி மழையில் வேர் அழுகும். மண் போடும் முன்பே 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்த்தே ஆகணும். பிறகு ஓட்டையைத் தேடினால் பூங்காவையே தோண்டணும்.

கோடையில் நிலத்தடி நீர் வேருக்கு எட்டாது, சொட்டுநீர் கட்டாயம். அரசும் ஆலும் வேண்டவே வேண்டாம். புங்கை, பூவரசு, மகிழம் வைக்கலாம். 2016 வர்தா புயலில் எத்தனை மரம் சாய்ந்தது! ஆழ வேர்விட இடமில்லாத மரத்தின் வேர்க்கட்டியை, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையை, கம்பிவடத்தால் கட்டணும். அதற்கான கொக்கிகளைக் கான்கிரீட் போடும்போதே பதிக்கணும், பின்னால் துளைபோட்டால் நீர்க்காப்பு கிழியும்.