அத்திம்பேரும் அடிக்குறிப்புகளும்

ரயில்வே கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் அத்திம்பேர் தணிக்கையிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை என்பது மும்பை மாட்டுங்கா காய்கறிக்காரர்களுக்குக்கூடத் தெரியும். அது தெரியாமல், அவருடைய மூத்தோர் வரலாற்று வட்டத்துக்கு அடிக்குறிப்புகளோடு நான்கு பக்க ஆய்வுக் கட்டுரைகள் எழுதித் தருவதாக, பக்கக் கூலி பேசி ஒப்புக்கொண்டான் ஒரு டோம்பிவிலிப் பையன்.

முதல் கட்டுரை, 1896இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பரவத் தொடங்கிய பிளேக்கையும், அதன் விளைவாக 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பின்னர் தாதர், மாட்டுங்கா மனைகளை வகுத்ததையும் பற்றியது. நடையில் குறையில்லை. 1897 ஜனவரி 10 அன்று நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஹாஃப்கின் தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தமக்கே போட்டுக்கொண்ட பகுதியை அத்திம்பேர் உரக்கப் படிக்க, "அவாத்துல யாருமே தடுக்கலையா?" என்று அக்கா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

அதன் பிறகுதான் சிவப்புப் பேனா வெளியே வந்தது. 33 முதல் 47 வரையிலான பக்கங்களில் வெளிவந்த கட்டுரைக்கு 112ஆம் பக்கம் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண் ஒன்றைத் தட்டினால் வாழை நோய் பற்றிய ஆய்வு திறந்தது. இன்னொரு கட்டுரையைத் தேடி, கோட்டைப் பகுதி ஏசியாட்டிக் சொசைட்டி நூலகத்தின் படிகளை, மூட்டு வலியுள்ள அவருக்குத் துணையாக நானும் ஏறினேன். அப்படியொரு கட்டுரையை எவரும் எழுதியிருக்கவே இல்லை. எந்த ஏஐ இயந்திரத்தின் கைவரிசையோ! பையனை அழைத்துக் கேட்டபோது, "இருந்திருக்கணும் சார், தலைப்பு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க" என்றான். பணியில் இருந்த காலத்தில் இல்லாத பாலத்துக்குப் பெயிண்ட் அடித்த பில்லைப் பிடித்தவர் என்று குடும்பத்தில் பேசப்படும் அத்திம்பேர், பேச்சற்றுப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

வீடுதான் இப்போது படாத பாடு படுகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதாக அக்கா சொன்னால், எந்த டாக்டர், எந்தத் தேதி, எழுத்தில் உண்டா என்று கேட்கிறார். அவர்கள் கல்யாணத்தில் நான் பந்தியில் பாதியில் எழுந்தேன் என்று ஆண்டாண்டாக அவர் சொல்லிவரும் கதைக்கு நான் ஆதாரம் கேட்டால் மட்டும், கண்ணால் கண்ட சாட்சிக்கு அடிக்குறிப்பு தேவையில்லையாம்.

பையனை நீக்கிவிடுவார் என்றே நினைத்தேன். மாறாக, சான்று காட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு கூலியையும் உயர்த்திவிட்டார். ஞாயிறுதோறும் வருகிறான். அவனுக்கு டிகிரி காபி கேட்காமலே வருகிறது. நூலகப் படியேறிய எனக்கு, கேட்டால்கூட இரண்டாம் டிகாக்ஷன்தான்.